உருபு தொலைந்த வாக்கியம்

கிரிம்ஸ்பி துறைமுகத்தில்
மீன் ஏலக் கூடத்துக்கு எதிர்மாடியில்
வக்கீல் பார்ஜிட்டரின் அலுவலகம்.
உயில்களை நகலெடுப்பது என் வேலை.
ஜன்னலைச் சாத்தினாலும்
காகிதமெல்லாம் மீன் வாசம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
மேவிஸ் ஓல்டர்ஷா வந்தாள்.
கைப்பையில் கடலலை அட்டவணைப் புத்தகம்,
அதன் கடைசித் தாளில் பென்சிலில்
புருஷன் செட்ரிக்கின் கோணல் எழுத்து.
நான்கே சொற்கள்:
ஐ லீவ் மை வைஃப்

அப்புறம் ஒன்றுமில்லை.
புள்ளிகூட இல்லை.
பென்சில் மேசைக்கடியில் உருண்டு கிடந்ததாம்.
அடுப்பில் கெட்டில் வற்றிக் கருகும்வரை
நாற்காலியில் அவன் சாய்ந்தே இருந்தானாம்.

இது உயில்தானே என்றாள்.
கூட வந்த நாத்தனார் டோரீன் கேட்டாள்:
உயில் எழுதுகிறவன் எதற்கு
நாலு சட்டையை மடித்துப் பையில் வைத்து
வாசலில் வைத்தான்?
சலவைக்கு, என்றாள் மேவிஸ்.
மடித்தா?

அந்த வினைச்சொல்லின் குணம் அப்படி.
நமக்கு அது பள்ளிக்கூட லீவு,
ஒருநாள் காய்ச்சல், இரண்டு வரி லெட்டர்.
இவர்களுக்கோ
பிரிவதும் அதுதான், கொடுப்பதும் அதுதான்.
மனைவியோடு வாக்கியம் நின்றுவிட்டால்
அவளைவிட்டுப் போகிறான்.
பின்னால் ஒரு படகோ
பழைய கடிகாரமோ வந்து ஒட்டிக்கொண்டால்
அவளுக்கு விட்டுப் போகிறான்.
இறந்தகாலத்தில் இன்னும் மோசம்.
போனவனும் லெஃப்ட், மிஞ்சியதும் லெஃப்ட்.
தட்டில் கிடக்கும் கடைசி பிஸ்கட்டைக்கூட
போனவன் சொல்லால்தான் எண்ணுகிறார்கள்.

தமிழில் எழுதியிருந்தாலும்
பயனிலைவரை மூச்சு தாங்கியிருக்காது,
வாஸ்தவம்.
ஆனால் மனைவி என்று எழுதிய கையோடு
ஓர் ஐ விழுந்திருக்கும், அல்லது ஒரு கு.
ஐ என்றால் அழுதிருக்கலாம்.
கு என்றால் சாவி எங்கே என்று கேட்டிருக்கலாம்.
பிரம்புக்குப் பயந்து ஒப்பித்த
இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை.
முப்பத்தெட்டு வருஷத்துக்குத் தீர்ப்புச் சொல்ல
ஓரெழுத்துப் போதும் என்று
எங்கள் தமிழ் டீச்சருக்கே தெரிந்திருக்காது.

பார்ஜிட்டர் கண்ணாடியைத் துடைத்தார்.
கையொப்பம் இல்லை, சாட்சி இல்லை,
சட்டத்துக்கு இது வெறும் தாள்.
கவலை வேண்டாம்,
வீடு எப்படியும் உங்களுக்குத்தான் என்றார்.

வீடு.
விடு என்பது நீண்டுதான்
அந்தச் சொல்லே பிறந்தது என்று
நான் எதற்கு இங்கே சொல்லப்போகிறேன்.
நகல் ஒன்றுக்கு இருபது பென்ஸ் என்றேன்.

வீட்டையா கேட்டேன், என்றாள் மேவிஸ்.
அவன் எதையுமே சொல்லி முடிக்கமாட்டான்.
அந்த... என்று கை நீட்டுவான்,
உப்பு என்று நான்தான் முடிப்பேன்.
நாளைக்கு... என்பான்,
பல் டாக்டர் என்பேன்.
இதையும் என்னிடம்தான் விட்டிருக்கிறான்.

டோரீன் வாயெடுத்தாள்,
பிறகு கையுறையை மாட்டிக்கொண்டாள்.

அவள் தெரு வழியாகத்தான் என் பஸ்.
மார்ச்சில் ஒரு விடியலில்
இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி
நடந்தேன், காரணம் கேட்காதீர்கள்.
வாசற்படியில் காலிப் பால் பாட்டில்.
கழுத்தில் சுருட்டிச் செருகிய தாளில்
அலைகளின் நேரம் அச்சாகியிருந்தது.
ஓரத்தில் பென்சிலில், பால்காரனுக்கு:
லீவ் ஒன்.

ஒன்று மட்டும் வைத்துவிட்டுப் போ.
இத்தனை நாள் இரண்டாய் இருந்திருக்கும்.

உள்பக்கத்தில் என்ன இருக்கிறதென்று
பிரித்துப் பார்க்கக் குனிந்தேன்.
மாடியில் விளக்கு எரிந்தது.
தெருமுனையில் பாட்டில்கள் குலுங்கும் சத்தம்.
அப்படியே விட்டுவிட்டு
வந்தேன்.